பொலெண்டாவும் மீன் கறியும்: எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டு அனுபவம்

பொலெண்டாவை ஒருமுறை சமைத்துப் பார்த்துவிட்டு, "இது வெறும் மஞ்சள் களி, நமக்கு ஒத்துவராது" என்று ஓரங்கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். எதோடு சாப்பிட்டீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் கடுகு தாளித்து உப்புமாவாகக் கிண்டி, சட்னியோடு சாப்பிட்டிருப்பார்கள். குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் சில வருடங்களாக இது ராத்திரிச் சாப்பாட்டில் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது உண்டு, மழைக்காலத்தில் கூடுதல். அது நிலைத்ததற்கு ஒரே காரணம், மரச்சீனிக் கிழங்குக்கு (மரவள்ளிக்கு) உள்ள இடத்தை இதற்குக் கொடுத்ததுதான். மசித்த கிழங்கோடு எது சேருமோ அது பொலெண்டாவோடும் சேரும். கிழங்கோடு சேராதது இதோடும் சேராது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொலெண்டா என்பது மக்காச்சோள ரவையைத் தண்ணீரில் உப்புப் போட்டு நிதானமாக வேகவைப்பது. வட இத்தாலிக்காரர்களின் அன்றாடச் சாப்பாடு. என் சித்தி மகள் விசென்சா பக்கம் ஒரு மடத்தில் கன்னியாஸ்திரியாக இருக்கிறாள். அவள் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த பாக்கெட்டில்தான் எங்கள் வீட்டில் இது தொடங்கியது. அவர்கள் ஊரில் பெயர்பெற்ற சாப்பாடே கருவாடும் பொலெண்டாவும்தான். நார்வேயிலிருந்து வரும், உப்பில்லாமல் காற்றில் உலர்த்திய காட் மீனை நாள்கணக்கில் ஊறவைத்து, வெங்காயம், பால், ஆலிவ் எண்ணெய் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்துப் பொலெண்டாவோடு பரிமாறுவார்களாம். வெனிஸ் பக்கத்தில் சின்ன இறாலுக்கு வெள்ளை மக்காச்சோளத்துப் பொலெண்டா. இதைக் கேட்டபோது எனக்கு வழி தெரிந்துவிட்டது. வெண்ணெயும் சீஸும் இல்லாமல் இதைச் சமைக்க முடியாது என்று நினைக்க வேண்டியதே இல்லை. கடலோரத்து ஆட்கள் மீனோடுதான் சாப்பிடுகிறார்கள். நமக்கும் குளச்சல் கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது.

கடைப் பாக்கெட்டில் இரண்டு வகை உண்டு. உடனடி வகையை முன்பே வேகவைத்து உலர்த்தியிருப்பார்கள். ஐந்து நிமிடத்தில் ஆகிவிடும். சாதாரண ரவை வகைக்கு 40 முதல் 45 நிமிடம் வேண்டும். இரண்டையும் நிறைய நாள் பயன்படுத்திவிட்டேன். உடனடி வகை அவசரத்துக்கு உதவும், ஆனால் சோளத்தின் மணம் அதில் பாதிகூட இருக்காது. வாயில் ரவை ரவையாக நிற்காமல் கூழாகப் போய்விடும். காரமான மீன் கறியை ஊற்றினால் பொலெண்டா இருக்கும் இடமே தெரியாது. வீட்டில் ஒரு பாக்கெட் இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். நம் கடைகளில் வாங்கும்போது வேறு மூன்று சாமான்களோடு குழம்ப வாய்ப்பு இருக்கிறது. வெள்ளையாக வரும் கார்ன் ஃப்ளார் வெறும் ஸ்டார்ச், சூப்பைக் கெட்டியாக்கத்தான் ஆகும். மக்காச்சோள மாவு ரொட்டிக்கு, மிகவும் நைசாக இருக்கும். சோள ரவை என்று எழுதியிருப்பது பல சமயம் வெள்ளைச் சோளம். உப்புமாவுக்கு அருமை, ஆனால் பொலெண்டா ஆகாது.

இப்போது நான் பெரும்பாலும் வீட்டு ரவையைத்தான் பயன்படுத்துகிறேன். கோழித் தீவனத்துக்கு வரும் மக்காச்சோளத்தை இதற்காக வாங்காதீர்கள். ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்திருந்தால் ஆபத்து, எவ்வளவு வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நான் வாங்குவது பாப்கார்ன் சோளம். கோட்டாறு கம்போளத்தில் சில்லறையாகவே கிடைக்கும், சுத்தமாக இருக்கும், நன்றாகக் காய்ந்திருக்கும். இத்தாலியில் நல்ல பொலெண்டாவுக்குப் பயன்படுத்தும் ரகங்களைப் போலவே பாப்கார்ன் சோளமும் உள்ளே கண்ணாடி மாதிரி கடினமான வகை. அதனால் வெந்த பிறகும் மணி மணியாக நிற்கும், மணமும் கூடுதல். மிக்ஸியில் போட்டால் ஜாருக்குத்தான் கேடு. மில்லில் கொடுத்து "ரவைப் பதம், புட்டு மாவு மாதிரி நைசா வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். முன்னால் யார் எதை அரைத்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வத்தல் அரைத்த கையோடு சோளத்தைப் போட்டால் அந்தக் காரம் ரவையில் ஏறிவிடும். ஒரு மில்லில் எங்களுக்கு அப்படி நடந்தது, மூன்று கிலோவும் வீண். அன்றிலிருந்து காலையில் அரிசி மாவு அரைக்கும் நேரத்தில்தான் கொடுக்கிறேன்.

அரைத்து வந்தது சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துப் போகும். பேப்பரில் பரப்பி ஆறவிட்டு, சல்லடையில் சலித்து நைஸ் மாவைப் பிரித்துவிடுவேன். அது புட்டு மாவோடு கலக்க ஆகும். மேலே நிற்கும் ரவையைச் சுளவில் போட்டுப் புடைத்தால் தொலி பறந்துவிடும். இந்த ரவையில் சோளத்தின் முளைப்பகுதியும் சேர்ந்திருக்கிறது, அதில் எண்ணெய் உண்டு. கடைப் பாக்கெட்டில் பெரும்பாலும் முளையை நீக்கியிருப்பார்கள், அதனால்தான் அது மாதக்கணக்கில் தாங்குகிறது. நம் ரவை சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. கொஞ்சமாக அரைத்து ஃபிரிட்ஜில் வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

சமையலுக்கு வருவோம். ஒரு பங்கு ரவைக்கு நான்கு பங்கு தண்ணீர் ஊற்றினால் கெட்டியாக வரும், ஐந்து பங்கு ஊற்றினால் தளர்வாக வரும். மீன் கறிக்குத் தளர்வானதுதான் நல்லது. அடி கனமான பாத்திரம் வேண்டும். எங்களிடம் ஒரு பழைய உருளி இருக்கிறது, இதற்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்டது. தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் உப்புப் போட்டு, ஒரு கையால் ரவையை மழைச்சாரல் போலத் தூவி, மறு கையால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும், அப்புறம் அதைக் கரைக்கவே முடியாது. கெட்டியாகத் தொடங்கியதும் தீயை நன்றாகக் குறைத்துவிடுங்கள். இந்த நேரத்தில் குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும், நல்ல சூடு, அதனால் நீளமான மரக்கரண்டி வேண்டும். முழு நேரமும் கூடவே நிற்கத் தேவையில்லை. நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிவரை கிண்டிவிட்டு, நடுவில் மீனை வெட்டிக் கழுவலாம். பாத்திரத்தின் ஓரத்தை விட்டுப் பிரிந்து வந்து, வாயில் போட்டால் நடுவில் நறநறவென்று இல்லாமல் இருந்தால் வெந்துவிட்டது. பலர் இருபது நிமிடத்தில் கெட்டியானதைப் பார்த்து இறக்கிவிடுகிறார்கள். கெட்டியாவது வேறு, வேகுவது வேறு. வேகாத பொலெண்டாவில் ஒரு பச்சை வாடையும் லேசான கசப்பும் இருக்கும். "களி" என்று ஒதுக்கியவர்களில் பாதிப்பேர் இதைத்தான் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வேலை முடிந்து வந்து முக்கால் மணி நேரம் அடுப்படியில் நிற்க முடியாத நாட்களுக்குக் குக்கர். காலையில் போகும்போதே ரவையைத் தண்ணீரில் ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். ராத்திரி அந்தத் தண்ணீரோடு உப்புச் சேர்த்து, பாதிக்கு மேல் நிறையாத உள்பாத்திரத்தில் வைத்து மூடி, முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் இருபது நிமிடம். திறந்ததும் அடியில் கட்டியாகவும் மேலே தண்ணீராகவும் பிரிந்து நிற்கும். கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அடித்துக் கலக்கி, அடுப்பில் ஐந்து நிமிடம் கிண்டினால் ஒன்றாகிவிடும். குக்கரில் நேரடியாகப் போடாதீர்கள், நுரைத்துக்கொண்டு வந்து வெயிட் வாயை அடைக்கும்.

எதோடு சாப்பிடுவது? தேங்காய் அரைத்த சாளைக் (மத்தி மீன்) கறிதான் முதலிடம். புளியும் காரமும் கொஞ்சம் தூக்கலாக வையுங்கள், சோளத்தில் இயல்பாகவே ஒரு தித்திப்பு இருக்கிறது. இறக்கும்போது ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டுக் கிண்டுங்கள். முதலில் தட்டைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்ட என் மாமி, மீன் கறி ஊற்றி ஒரு வாய் சாப்பிட்டதும், "இது கிழங்கு மாதிரியேதான இருக்கு மக்களே, சாறு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். மீன் இல்லாத நாளில் உள்ளித் தீயல் (வறுத்த தேங்காய் அரைத்த சின்ன வெங்காயக் குழம்பு) மிகப் பொருத்தம், அவித்த சிறுபயறும் நன்றாக இருக்கும். சாம்பார் எனக்குப் பிடிக்கவில்லை, பருப்பும் சோளமும் சேர்ந்து வாயில் ஒரே மாவாகிவிடுகிறது. ரசம் நிற்கவே நிற்காது.

பக்கத்தில் மீனோ பயறோ வேண்டும் என்பது ருசிக்காக மட்டும் சொல்வதல்ல. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் வேறு வழியில்லாமல் பொலெண்டாவை மட்டுமே தின்று பெல்லாக்ரா நோயில் விழுந்தார்கள். தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, புத்தித் தடுமாற்றம் எல்லாம் வந்து பலர் இறந்தார்கள். நியாசின் என்ற பி3 வைட்டமின் போதாமல் வரும் நோய் அது. மக்காச்சோளத்தில் உள்ள நியாசினை நம் உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது, உடம்பு நியாசினாக மாற்றிக்கொள்ளும் டிரிப்டோபானும் அதில் குறைவு. மெக்சிகோக்காரர்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் சோளத்தை வேகவைத்துச் சாப்பிட்டதால், அந்த நியாசின் உடம்பில் சேர்ந்து, தப்பினார்கள். சாளையும் பயறும் தினம் புழங்கும் நம் வீடுகளில் அந்தப் பயம் வேண்டாம். ஆனால் கைக்குழந்தைக்கு வெறும் சோளக் கூழை மட்டும் கொடுத்து வளர்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு நல்லது என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். கோதுமைப் பசை (குளூட்டன்) இல்லை என்பது உண்மை, மாவுச்சத்து நிறைய என்பதும் உண்மை. மாமாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் தட்டில் பொலெண்டா ஒரு கரண்டிதான், மீனும் துவரனும் (தேங்காய் போட்ட காய்ப் பொரியல்) கூடுதல்.

வெளிநாட்டுச் சாப்பாடு நமக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் கிழங்கைத்தான் காட்டுவேன். மரச்சீனியும் மக்காச்சோளமும் இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். நம் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாதான் மரச்சீனியைப் பரப்ப முன்நின்றவர். இன்று சந்தையில் அதை யாராவது வெளிநாட்டுப் பண்டம் என்பார்களா?

மிச்சம் வந்தால் சந்தோஷப்படுங்கள். சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவிய தட்டில் விரல் தடிமனுக்குப் பரப்பிவிட வேண்டும், ஆறினால் தானே இறுகிவிடும். மறுநாள் துண்டு போட்டு, மேலே உள்ள ஈரத்தைத் துணியால் ஒற்றி, தோசைக்கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டு வாட்டலாம். கல்லில் ஒட்டும்போது பிள்ளைகள் தோசைத் திருப்பியை விட்டு நோண்டுவார்கள், விடாதீர்கள். அடிப்பக்கம் மொறுமொறுப்பானதும் அதுவே கல்லை விட்டுக் கழன்று வரும். இதற்குக் குழம்பு ஒன்றும் வேண்டாம், நெத்தோலிக் கருவாடு வறுத்து, நல்லமிளகு தூவினால் போதும்.