வேட்டைக்காரன் தூணியை வில் பழகும் பிள்ளைக்குத் தள்ளிவிட்டார்கள்: அம்பு வாங்கப்போகும் பெற்றோர் கவனத்துக்கு

பாபநாசத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். செம்புக் கம்பியில் கேஜ் குறைத்துக் கொடுத்தால் விரலில் உருட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கொரு பெருமை உண்டு. அப்படிப்பட்ட என்னை ஒருவன் போனிலேயே பேசிப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மொட்டையடித்தான்.

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தஞ்சாவூரில் ஞாயிறுதோறும் வில்வித்தைப் பயிற்சி. வில் மட்டும் பயிற்சியாளர் மூலமாகப் போன வருடம் வாங்கினோம். மரக் கைப்பிடி போட்ட ரிகர்வ், அதாவது நுனி இரண்டும் வெளிப்பக்கம் வளைந்த வில், இழுவிசை 24 பவுண்டு. அம்பெல்லாம் பயிற்சி இடத்து அம்புதான். பிறந்தநாளுக்கு அம்பும் அதை வைக்கிற குவிவரும் மாமா சீர் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

குவிவர் என்றால் நம் அம்பறாத்தூணிதான். காலண்டர் ராமர் முதுகில் மாட்டியிருப்பாரே, அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். பயிற்சியாளர் சிரித்தார். முதுகில் மாட்டினால் குனியும்போது அம்பு தலைவழியாகக் கொட்டும், உருவும்போது பின்னால் நிற்கிற பிள்ளையின் முகத்தில் இடிக்கும், ஒன்றோடொன்று உரசி இறகும் கெடும் என்றார். எங்கள் அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வடுவூர் கோதண்டராமர் மேல் அவளுக்குப் பக்தி அதிகம்.

ஒரு துண்டுச் சீட்டில் அவர் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: கார்பன் அம்பு 12, ஸ்பைன் (அம்பு வளைகிற அளவு) 900, நீளம் 28 அங்குலம். வலது கைக்காரருக்கான இடுப்புக் குவிவர், பெல்ட்டோடு. "அடுத்த மாசம் மொத்தமா ஆர்டர் போடறேன், அதோட சேத்துக்கலாம் சார்" என்றும் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. பிறந்தநாள் தாண்டிவிடுமே என்று போனில் தேடினேன். ஒரு விற்பனையாளரின் படங்கள் கண்ணைப் பறித்தன. நீலநிறக் குவிவர், மூன்று குழாய், பக்கவாட்டில் சின்னப் பை. கூப்பிட்டேன்.

அந்தப் பேச்சை இப்போது நினைத்தாலும் என் மேல்தான் கோபம் வருகிறது. சீட்டில் இருந்ததைப் படித்தேன். "எல்லாம் இருக்குண்ணே" என்றார். வில்லின் இழுவிசை என்ன, பிள்ளை எவ்வளவு தூரம் இழுக்கிறாள், எந்தக் கைக்காரி என்று ஒரு கேள்வியும் வரவில்லை. மோட்டார் கொண்டுவருகிறவரிடம் எத்தனை ஹெச்.பி., கிணறு எத்தனை அடி என்று கேட்காமல் நான் காயில் கட்டுவேனா? குவிவர் 2,800, அம்பு ஒன்று 650 வீதம் 7,800, கைக்காப்பும் விரல் தோலும் 1,400. மொத்தம் 12,000. கடைப் பெயரில் கணக்கு இல்லை, ஒரு தனிநபர் நம்பருக்கு அனுப்பச் சொன்னார். "பில் பார்சல்லயே வரும்ணே." வரவில்லை.

பார்சல் வந்த வாரம் குறுவை அறுவடையும் சம்பா நாற்றுவிடுவதும் ஒன்றாக வந்து விழுந்த வாரம். பட்டறையில் எரிந்த மோட்டார் வரிசை கட்டி நின்றது. பிரிக்கும்போது வீடியோ எடுக்கத் தோன்றவில்லை. அக்கா வீட்டுக்கு அப்படியே கொடுத்தனுப்பிவிட்டேன்.

உள்ளே இருந்தது நீலக் குவிவர் இல்லை. காய்ந்த இலையும் பட்டையும் அச்சடித்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் சட்டம். மேலே கிண்ணம் கவிழ்த்த மாதிரி மூடி, அதற்குள் கெட்டி ஃபோம். கீழே அம்பைக் கவ்விப் பிடிக்க ரப்பர் பல் ஐந்து. பெல்ட்டே கிடையாது. வில்லில் ஸ்குரூ போட்டு மாட்ட ஒரு தகடு. கூப்பிட்டுக் கேட்டதற்கு, "நீங்க கேட்டது ஸ்டாக் இல்ல. இது அதுக்கு மேல் மாடல், வேட்டைக்குப் போறவங்க யூஸ் பண்றது" என்றார். மேல் மாடல் என்றதும் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அது எதற்கான சாமான் என்பதை அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்கா மாதிரி, வில்லோடு மான் வேட்டைக்குப் போக உரிமம் கொடுக்கிற நாடுகளில் இது அருமையான பொருள்தான். அங்கே வேட்டைக்காரர் விடிவதற்கு முன்பே காட்டுக்குள் நடப்பார். இடுப்பில் குவிவர் தொங்கினால் புதரில் மாட்டும். முதுகிலிருந்து உருவக் கையைத் தூக்கினால் மான் பார்த்துவிடும். அம்பு வில்லோடேயே இருந்தால் ஒரு கையில் எல்லாம் அடங்கிவிடும். அவர்களுடைய அம்பு முனை சவர பிளேடு போன்ற பிராட்ஹெட். தடுக்கி விழுந்தால் நம் தொடையையே கிழிக்கும், அதனால்தான் அந்த மூடியும் ஃபோமும். அங்கேயும் இதற்குக் குறை சொல்கிறவர்கள் உண்டு. வில்லின் ஒரு பக்கம் எடை கூடிச் சாயும், காற்றடித்தால் வாங்கும், சட்டம் லூசாக இருந்தால் நாணை விடும்போது கடகடக்கும். அதனால் மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்ததும் குவிவரைக் கழற்றிப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். மாட்டிய நிலையிலேயே எய்து பழகுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம் ஊரில் இதற்கு என்ன வேலை? 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் வருடத் திருத்தமும் வந்ததோடு வேட்டைக் கதை முடிந்தது. கோடியக்கரை வெளிமானைக் கேமராவால் சுடலாம், அவ்வளவுதான். எங்கள் பாப்பா எய்வது காகித வட்டத்தை.

அந்தத் தகட்டை வில்லில் மாட்டினால் குறிபார்க்கும் சைட் மாட்டுகிற துளை அடைபட்டது. சைட்டைக் கழற்றவா, குவிவரைக் கழற்றவா? கடைசியில் குவிவரைக் கையில் பிடித்துக்கொண்டே போக ஆரம்பித்தாள். முதல் ஞாயிறு பயிற்சி இடத்து அம்பு நான்கையும் திருப்பிக் கொடுப்பதற்காக அதிலேயே செருகி, என் வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்புகள் ஒல்லி. இந்த ரப்பர் பல் வேட்டைக்கான தடித்த அம்புக்குச் செய்தது. அய்யம்பேட்டை தாண்டி ஒரு குலுக்கலில் இரண்டு உருவிக்கொண்டு போய்விட்டன. பசுபதிகோவிலில்தான் கவனித்தோம். திரும்பி வந்து, ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லை ஒதுக்கி ஒதுக்கித் தேடினோம். ஒன்று கிடைத்தது, மேலே லாரி ஏறியிருந்தது. நெல்லுக்குக் காவல் இருந்த பெரியவர், "என்ன தம்பி, ரோட்டுல அம்ப வெதச்சிட்டுப் போறீங்க" என்றார். இரண்டு அம்புக்கும் தண்டம் நான்தான் கட்டினேன்.

ஆனால் உண்மையான நஷ்டம் இது இல்லை. அந்தச் சமயம் பயிற்சியாளர் பெரிய பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போயிருந்தார். மூன்று வாரம் மூத்த மாணவர் ஒருவர்தான் பார்த்துக்கொண்டார். பாப்பா புது அம்பை எய்கிறாள், எல்லாமே இடப்பக்கமாகவும் கீழாகவும் போகிறது. சைட்டை நகர்த்தினாள். போதவில்லை. தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். விரல் விடுகிற விதத்தை மாற்றினாள், நிற்கிற விதத்தை மாற்றினாள். ஒரு நாள் ராத்திரி அக்கா போன் செய்து, "தம்பி, எனக்கு வில்லே வேணாங்குறாடா, ஒரே அழுகை" என்றாள். நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லாப் பழகணும் பாப்பா, அம்பு ஒசந்த அம்பு." இந்த வாயால்தான் சொன்னேன்.

பயிற்சியாளர் திரும்பி வந்து ஓர் அம்பைக் கையில் வாங்கியதுமே முகம் மாறியது. "இது பெரியவங்க வேட்டை வில்லுக்கு உள்ளது சார்" என்றார். ஸ்பைன் 900 என்று ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில் 400.

ஸ்பைன் என்றால் அம்பு எவ்வளவு வளைகிறது என்பதற்கான அளவு. எண் கூடக்கூட அம்பு நெகிழ்வு. அம்பு விறைப்பாக மரக்கட்டை மாதிரி பறப்பதில்லை, நாணை விட்டதும் மீன் வாலாட்டுவது போல நெளிந்து வில்லின் உடலைத் தாண்டிப் போகிறது. வில்லின் பலத்துக்கு மீறிய விறைப்பான அம்பு போதுமான அளவு நெளியாது. வலது கைக்காரருக்கு அது இடப்பக்கம் போய் விழும். 60, 70 பவுண்டு இழுக்கிற, கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குச் செய்ததை 24 பவுண்டில் வைத்தால் வேறென்ன ஆகும்? பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதை நான் என் கண்ணால் பார்க்காமல் விடமாட்டேன் என்று பட்டறைக்குக் கொண்டுவந்தேன். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கி வைத்து அம்பைப் படுக்கப்போட்டு, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட வேண்டும். எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதை ஆயிரத்தால் பெருக்கினால் ஸ்பைன் எண். 900 என்றால் 23 மில்லிமீட்டர் அளவுக்குத் தொய்ய வேண்டும். நட்டு போல்ட்டைப் பையில் போட்டு மளிகைக்கடையில் 880 கிராம் நிறுத்து வந்து, டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். எட்டு அம்பு 10 மில்லிமீட்டர் தொய்ந்தது. மீதி நான்கு பன்னிரண்டரை. அதாவது ஒரே ஜோடிகூட இல்லை, இரண்டு வகையைக் கலந்து கட்டியிருக்கிறார். 28 அங்குலம் கேட்டதற்கு 30 அங்குலம் வந்திருந்தது. தாங்கியில் வைக்க வசதியாக இருந்தது, அதற்கு மட்டும் நன்றி.

அப்புறம் தெருமுனை நகைக்கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அண்ணன் தராசில் ஓர் அம்பை வைத்துப் பார்த்துவிட்டு, "மூணேகால் பவுன் இருக்கு, எந்த ஊர் அம்பு இது?" என்றார். 26 கிராம். கலந்த நான்கும் 23. இவள் வில்லுக்கு 17, 18 கிராம் போதும் என்பது பயிற்சியாளர் கணக்கு. கீழே கீழே விழுந்ததற்கும் விடை கிடைத்தது.

பன்னிரண்டில் ஒன்றில் மயிரிழை அளவு விரிசலும் இருந்தது. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கார்பன் அம்பு மூங்கில் மாதிரி உடையாது, சிலும்பாகச் சிதறும். விரிசல் உள்ள அம்பை எய்தால் நாண் தள்ளுகிற வேகத்தில் உடைந்து, வில் பிடித்த கையிலேயே ஏறும். அதனால் இரண்டு முனையையும் பிடித்து, நம் முகத்துக்கு எதிராக இல்லாமல், மெல்ல வளைத்துச் சுற்றிச் சுற்றிக் காதால் கேட்க வேண்டும். நறநறவென்று சத்தம் வந்தால் அந்த அம்பு குப்பைக்கு. பஞ்சை வைத்து நீள உருவினாலும் சிலும்பு இருக்கும் இடத்தில் இழை மாட்டும். இந்த விஷயம் தெரியாமல் மூன்று வாரம் எய்திருக்கிறாள் பிள்ளை. எங்கள் குலதெய்வம்தான் காப்பாற்றியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பார்சலில் 'இலவசம்' என்று சின்ன டப்பா ஒன்று, உள்ளே மூன்று பிராட்ஹெட். வேட்டை முனை, பிளேடு போட்டது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தேன். இரண்டைக் கிரைண்டரில் வைத்து மழுக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் ஆதாரத்துக்காகப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

விற்பனையாளரைக் கூப்பிட்டால் முதலில் "பார்சல் பிரிச்சாச்சுல்ல", அப்புறம் "உங்க பயிற்சியாளருக்கு ஒண்ணும் தெரியல", அப்புறம் நம்பர் பிளாக். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அவர்கள் தொடர்புகொண்ட பிறகு, நாலாயிரம் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்று வேறு நம்பரிலிருந்து ஆள் பேசினான். மறுத்துவிட்டேன். சொன்னதற்கு மாறான பொருளை அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் வருட மின்வணிக விதியே சொல்கிறது. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவன் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சத்துக்குக் கீழே கட்டணமும் இல்லை. பில் இல்லாததுதான் என் பலவீனம். ஆனால் பணம் போன பதிவு, அவர் அனுப்பிய நீலக் குவிவர் படம், 'மேல் மாடல்' என்று பேசிய குரல் பதிவு எல்லாம் இருக்கிறது. சுரண்டிய ஸ்டிக்கரையும் அம்பிலேயே விட்டு வைத்திருக்கிறேன்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று. வீட்டிலிருந்து மைதானத்துக்குக் கொண்டுபோவதற்கும் கோட்டில் நின்று எய்வதற்கும் ஒரே சாமான் கிடையாது. பஸ்ஸிலும் வண்டியிலும் போக, திருகு மூடி போட்ட கெட்டிக் குழாய் வேண்டும், இன்ஜினியர்கள் வரைபடம் சுருட்டி எடுத்துப்போவார்களே அது மாதிரி. இடுப்புக் குவிவர் கோட்டுக்குப் போன பிறகுதான். அதிலும் வலக்கை, இடக்கை என்று தனித்தனி உண்டு, மாற்றி வாங்கினால் அம்பு தப்பான பக்கம் சாயும். குழாய் தனித்தனியாக இருந்தால் இறகு உரசாது. மற்றதெல்லாம் அலங்காரம்.

குழாயை நானே செய்துவிட்டேன். மூன்றங்குல பி.வி.சி. பைப், அடியில் எண்ட் கேப், உள்ளே ஃபோம் வட்டம். பாப்பா அதில் நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறாள். சரியான அம்பு ஆறு மட்டும் பயிற்சியாளர் மூலம் வந்திருக்கிறது, மீதி அடுத்த மாதம். விரல் விடுவதைப் பழையபடி கொண்டுவர இன்னும் சிரமப்படுகிறாள்.

அந்த நீலக் குவிவர் படம் நேற்று வரைக்கும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது, விலை மட்டும் இருநூறு ரூபாய் ஏறியிருக்கிறது. படத்தில் குவிவருக்குப் பின்னால் பச்சைத் தரைவிரிப்பு, ஓரத்தில் ஒரு சிவப்பு நாற்காலிக் கால் தெரியும். அதே படத்தை நம்பிப் பணம் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வழக்கை ஒன்றாகவே போட்டுவிடலாம்.