பெல்ட் அறுவடை இயந்திரமும் அளவு எழுதாத ஒரு டர்போ ஆயில் குழாயும்

டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் எங்கள் அறுவடை இயந்திரத்தில், எக்ஸாஸ்ட் புகையின் விசையில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் இரும்புக் குழாய் முழங்கை நீளம்கூட இல்லை. சம்பா அறுவடை மும்முரத்தில் அதில் விழுந்த மயிரிழை விரிசல் வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டது. குழாய் விரிந்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. அதிர்வில் ஓடும் இரும்பு என்றாவது ஒருநாள் விரியத்தான் செய்யும். அதன் அளவு என்னவென்று கையேட்டிலும் எழுதவில்லை, குழாயிலும் பொறிக்கவில்லை. அதுதான் இன்றுவரை மனம் ஆறாத விஷயம்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கத்துக் களிமண்ணை அறிந்தவர்களுக்கு இந்த வண்டியின் அருமை தெரியும். தை மாதத்தில் மேலே காய்ந்தது போலத் தெரியும் வயலில் டயர் வண்டி இறங்கினால் பாதியில் புதைந்துவிடும். பிறகு அதை இழுக்க டிராக்டர் தேட வேண்டும். பெல்ட் வண்டி நிதானமாகக் கடந்து போய்விடுகிறது. காற்றில் சாய்ந்த பயிரையும் அள்ளி எடுக்கிறது. ஈரக்கதிர் மொத்தமாக உள்ளே போகும்போதும் என்ஜின் திணறுவதில்லை. டர்போவின் விசில் ஒரு கணம் உயர்கிறது, வண்டி அதே வேகத்தில் நகர்கிறது. சேலம், பெரம்பலூர் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளோடு ஒரே வரப்பில் வேலை பார்த்திருக்கிறேன். ஒருநாளும் இது பின்தங்கியதில்லை.

ஆனால் அந்த விசிலின் உயிர் இந்தக் குழாயில்தான் இருக்கிறது. சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் பேரிங் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி வேலை செய்கிறது. என்ஜினின் அடிப்பாகமான பிளாக்கிலிருந்து அழுத்தத்தோடு ஆயில் வர வேண்டும். வேலை முடிந்த ஆயில் அகலமான திரும்பு குழாய் வழியாகத் தன் எடையிலேயே கீழே இறங்க வேண்டும். வரும் ஆயில் குறைந்தால் பேரிங் தீய்ந்துபோகும். அளவுக்கு மீறினால் சீலைத் தாண்டிக் கசிந்து நீலப்புகை வரும். எனவே, 'ஏதோ பொருந்துகிற குழாயை மாட்டி ஓட்டுவோம்' என்பது இங்கே செல்லாது.

தஞ்சாவூரில் உதிரிபாகக் கடையில் குழாயை நீட்டினால் பார்ட் நம்பர் கேட்டார்கள். குழாயில் நம்பர் இல்லை. என்ஜின் நம்பரைச் சொன்னால், அந்த வரிசையில் இரண்டு விதக் குழாய் உண்டு, எது உங்களுடையது என்று திருப்பிக் கேட்டார்கள். ஆர்டர் போட்டு வரவழைக்கலாம் என்றார்கள். விளைந்த நெல் அதுவரை காத்திருக்குமா? ஒரு தூறல் விழுந்தால் ஈரப்பதம் ஏறும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமான வரம்பு 17 சதவீதம். அதைத் தாண்டினால் நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இன்னொரு கடையில் "எல்லாம் பத்து எம்எம்தான் அண்ணே" என்று ஒரு பாஞ்சோ போல்ட்டை, அதாவது குழாயை டர்போவில் மாட்டும், உள்ளே ஆயில் போகத் துளையுள்ள போல்ட்டைக் கொடுத்தார்கள். டர்போவில் இரண்டு சுற்று கையாலேயே போனது, மூன்றாவதில் இறுகியது. எங்கள் மெக்கானிக் தம்பி ஸ்பேனரை எடுத்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். டர்போவின் நடு உடல் வார்ப்பிரும்பு. அதில் மரை (திருகுப் புரி) போனால் போல்ட் விலையோடு முடியாது, டர்போவையே கழற்றி எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

விடை கிடைத்தது ஒரு லேத் பட்டறையில். அங்கிருந்த பெரியவர் எங்கள் பழைய போல்ட்டைத் துடைத்து வெர்னியர் அளவுகோலில் வைத்தார்: 9.7 மி.மீ. மரைக்கு மரை 1.0 மி.மீ. இடைவெளியுள்ள பத்து மி.மீ. மெட்ரிக் போல்ட் சரியான நிலையில் இருந்தால் 9.79-க்குக் குறையாது. பி.எஸ்.பி. எனும் பிரிட்டிஷ் குழாய் மரையில் அரைக்கால் அங்குல அளவு 9.73-ஐத் தாண்டாது. அரைக்கால் அங்குலம் என்றால் கணக்குப்படி 3.2 மி.மீ.தான், ஆனால் அந்தப் பெயர் பழைய குழாய்க் கணக்கில் உள்விட்டத்தை வைத்து வந்தது, மரையின் வெளிவிட்டத்தோடு ஒட்டாது. தேய்ந்த மெட்ரிக் போல்ட்டும் 9.7 காட்டலாம் என்பதால் அவர் அதோடு விடவில்லை. மரை அளக்கும் தகடுகளை எடுத்தார். 1.0 தகட்டை மரையில் பதித்து விளக்குக்கு எதிரே பிடித்தார். நாலைந்து பல் தாண்டியதும் தகடு மேலேறி, இடையில் வெளிச்சம் தெரிந்தது. 28 என்று பொறித்த தகட்டை வைத்தார். கோடு அளவுகூட வெளிச்சம் இல்லை. அங்குலத்துக்கு 28 மரை என்றால் பத்து மரைக்கு ஏறத்தாழ 9.07 மி.மீ.; மெட்ரிக்கில் அதே பத்து மரைக்குச் சரியாக 10. கடைக்காரர் கொடுத்த போல்ட் ஏன் மூன்றாவது சுற்றில் இறுகியது என்பது அங்கேயே விளங்கிவிட்டது. மரையின் கோணமும் வேறு: பி.எஸ்.பி. 55 டிகிரி, மெட்ரிக் 60.

பிளாக் பக்கத்து இணைப்பு அதே 28 மரை, ஆனால் கூம்பு வடிவம். ஜப்பானிய வடிவமைப்பு என்ஜின்களில் ஆயில் பிரஷர் சுவிட்சுக்கும் பெரும்பாலும் இதே மரைதான் இருக்கும். அமெரிக்கக் குழாய் மரையான என்.பி.டி.யில் இதே அளவுக்கு அங்குலத்துக்கு 27. அதையும் திணித்தால் சில சுற்று பிடிக்கும், பிடித்துவிட்டது என்று நம்பி ஓட்டினால் ஆயில் கசியும். ஒற்றை மரை வித்தியாசம், கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

மரை தெரிந்தால் பாதிதான் தெரிந்தது. குழாயின் உள்விட்டம் அடுத்த பாதி. பெரியவர் டிரில் பிட்டைத் திருப்பி, வழவழப்பான அடிப்பகுதியை உள்ளே விட்டுப் பார்த்தார். பிளாக் பக்கம் 4 மி.மீ. பிட் தடையில்லாமல் போனது. டர்போ பக்கம் அதே பிட் நுனியிலேயே நின்றது. உள்ளே ஆயில் தீய்ந்து கரியாக ஒட்டியிருந்தது. சூடான டர்போவைச் சட்டென்று நிறுத்தினால் குழாயில் நிற்கும் ஆயில் இப்படித்தான் கரியாகும். எங்களுக்கு முன்பு வண்டியை வைத்திருந்தவர்கள் அப்படித்தான் ஓட்டியிருக்க வேண்டும். கரி படிந்த பக்கத்தை மட்டும் அளந்து புதுக்குழாய் செய்திருந்தால், குறைந்த ஆயிலில் டர்போ செத்திருக்கும். பாஞ்சோ போல்ட்டின் குறுக்குத் துளையையும் இதே போல் அளக்க வேண்டும். தலையும் நீளமும் அச்சாக ஒன்றாக இருக்கும் இரண்டு போல்ட்டில் துளை வேறு வேறாக இருப்பதை அன்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

சாதாரண ஹைட்ராலிக் ரப்பர் ஹோஸ் போட்டுவிடலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில் அது வெந்துவிடும். இரும்புக் குழாய், அல்லது உள்ளே டெஃப்லானும் வெளியே ஸ்டீல் பின்னலும் உள்ள ஹோஸ். மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம்; பிய்ந்த துணுக்கு நேரே பேரிங்குக்குப் போகும். பாஞ்சோ போல்ட் நுழையும் வளையத்தின் இரண்டு பக்கமும் புதிய காப்பர் வாஷர் போடுங்கள். குழாயைத் தாங்கும் கிளாம்ப் இல்லாமல் மாட்டாதீர்கள். எங்கள் குழாய் விரிந்ததே கிளாம்ப் காணாமல் போன இடத்தில்தான். டர்போவில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃபைச் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகு கிளப்புங்கள்.

லேத்தில் செய்த அந்தக் குழாய் அதன்பின் ஒரு குறுவையையும் ஒரு சம்பாவையும் பார்த்துவிட்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. 'பி.எஸ்.பி. அரைக்கால், உள்விட்டம் 4' என்று ஒரே ஒரு வரியைக் கையேட்டில் அச்சடித்திருந்தால் எங்கள் ஊரில் நான்கு குடும்பத்தின் நெல் மழைக்கு முன்பே வீடு சேர்ந்திருக்கும். இத்தனை நல்ல என்ஜினைச் செய்தவர்களுக்கு அந்த ஒரு வரி எழுத மனமில்லாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதே வண்டி இப்போது பழையதாக மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று ஒரத்தநாட்டு நண்பர் கேட்கிறார். வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். மீறி வாங்குவதானால், விலை பேசி முடிப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து அந்தக் குழாயைக் கழற்றி அளந்துவிடுங்கள். என் வண்டியையும் இருவர் கேட்டுவிட்டார்கள். விற்பதாக இல்லை.