நாற்றுமேடையா, ஹட்டன் கடையா?

ஆட்டிசம் உள்ள மகனை, மகளை எந்த வேலைக்கு அனுப்பலாம், தேயிலை நாற்றுமேடைக்கா, இலங்கை மலையகத்து ஹட்டன் நகரக் கடைக்கா என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பலர் கேட்கிறார்கள்.

சத்தம்: தேயிலை நாற்றுமேடையில் குறைவு. கடையில் பாட்டு, பஸ் ஹார்ன். தீபாவளி வாரம் சொல்லவே வேண்டாம்.

வேலை: நாற்றுமேடையில் ஓர் இலையோடு தண்டை வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் நட வேண்டும், நாளைக்கும் அதேதான். முறை பிடிபட்டால் மற்றவர்களைவிட ஒழுங்காகச் செய்பவர்கள் உண்டு. கடையில் மூன்று பேர் ஒரே நேரத்தில், தமிழிலும் சிங்களத்திலும் கேட்பார்கள். பின்கட்டில் சாமான்களை எடை போட்டுக் கட்டுவது மட்டும் என்றால் சரி; அதை முதலாளியிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பணம்: ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறார்களா பாருங்கள்: முதலாளி 12%, தொழிலாளி 8%. சின்னக் கடைகள் இதில் நழுவப் பார்க்கும்.

நிலைப்பது: கங்காணி (வேலையை மேற்பார்ப்பவர்) மாறினால் வேலைமுறையும் மாறும். எழுதி வாங்கி வையுங்கள்.

ஈரமண் கையில் ஒட்டுவதைத் தாங்காதவருக்குக் கடைப் பின்கட்டு. மற்றபடி என் ஓட்டு நாற்றுமேடைக்கே.