காக்கி புக்கிட்டில் ஒரு கார்புரேட்டர் வேலை

மூன்று மாதம் ஓட்டாமல் புளோக் கார்பார்க்கில் கிடந்த என் பழைய ஹோண்டா பேண்டம் பைக், சோக் இழுத்தால் மட்டும் உறுமும், விட்டால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முறுக்காதபோது, நிற்காமல் அணைந்துவிடும். வேறொரு கடையில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். ஐயோ, பணம்! சிங்கப்பூர் காக்கி புக்கிட் மெக்கானிக் அண்ணன் அதைக் கழற்றி, ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைத் துண்டான பைலட் ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், ஓட்டை முழுக்க அடைப்பு. கம்பி விட்டுக் குத்தாமல் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதியதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் பித்தளை கீறி ஓட்டை பெரிதானால் பெட்ரோல் கணக்கே மாறிவிடும். அப்புறம் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகே பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் தொட்டார். 50 வெள்ளி. உட்கார இடம்தான் இல்லை, வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். கார்புரேட்டருக்கு அடியில் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்து ரப்பர் வளையத்தை மாற்றியதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை.