மாதவிலக்கு நின்ற பெண்களுக்கான ஹார்மோன் பரிசோதனைத் தொகுப்பு: ரத்தம் எடுத்த விதம் நன்று, அறிக்கை போதாது

கடந்த ஆவணி மாதம், கோபிசெட்டிபாளையத்தில் கிளை வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்தில், 45 வயதைக் கடந்த பெண்களுக்கென்று விற்கப்படும் ஹார்மோன் தொகுப்பை நானும் என் நங்கையும் எடுத்துக்கொண்டோம். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் அழைப்போம். ஆளுக்கு 3,200 ரூபாய். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொள்வார்கள் என்பதும், தைராய்டும் பெண் ஹார்மோன்களும் ஒரே அறிக்கையில் வந்துவிடும் என்பதும் எங்களை ஈர்த்தன. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. பிற இடங்களில் எடுத்த தோழிகளின் அறிக்கைகளையும் வாங்கிப் பார்த்தேன். குறைகள் பெரும்பாலும் இவையேதான்.

எனக்கு 54 வயது. மாதவிலக்கு நின்று ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஓராண்டாக உடம்பில் தீராத அசதி, சீப்பு நிறைய முடி உதிர்வு, மலச்சிக்கல், நடு இரவில் வியர்த்து விழிப்பு என்று ஒன்று மாற்றி ஒன்று இருந்துகொண்டே இருந்தது. இவற்றில் எது மாதவிலக்கு நின்றதால் வந்தது, எது தைராய்டு குறைவால் வந்தது என்று பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே எளிதல்ல. இரண்டும் ஒரே வயதில் வருகின்றன, ஒரே மாதிரி அசதியைத் தருகின்றன. ரத்தத்தைப் பார்த்தால் தெளிந்துவிடும் என்று நம்பித்தான் பணம் கட்டினேன்.

ரத்தம் எடுக்கும் வேலையை அவர்கள் செய்த விதத்தை முதலில் பாராட்ட வேண்டும். தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக, காலை 6.40 மணிக்கே அந்தப் பெண் வண்டியில் வந்துவிட்டார். புதிய கையுறையை எங்கள் கண் முன்னே பிரித்து மாட்டினார். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. ஊதா மூடிக் குழாயையும் மஞ்சள் மூடிக் குழாயையும் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினார். எடுத்த கையோடு குழாயின் மேல் பெயரையும் நேரத்தையும் எழுதி, “ஒருக்கா படிச்சுச் சொல்லுங்கம்மா” என்று என்னையே வாய்விட்டுப் படிக்கச் செய்தார். மஞ்சள் மூடிக் குழாயை உடனே பனிப்பெட்டிக்குள் வைக்கவில்லை. ரத்தம் நன்றாக உறைய அரை மணி நேரம் ஆக வேண்டும் என்று சொல்லி, நங்கைக்கு எடுத்து முடிக்கும் வரை அதைத் தாங்கியில் நிமிர்த்தியே வைத்திருந்தார். இத்தனை பொறுப்பாக ரத்தம் எடுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அவர் கையில் இருந்த படிவத்தில் பெயர், வயது, பாலினம், கைப்பேசி எண் ஆகிய நான்கு கட்டங்கள் மட்டுமே இருந்தன. “வெறும் வயிறுதானுங்களேம்மா?” என்று மட்டும் கேட்டார். மாதவிலக்கு எப்போது நின்றது, கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பவற்றை எழுத அதில் இடமே இல்லை. ஹார்மோன் பரிசோதனைக்கு இவை மூன்றும் தெரியாவிட்டால் வரும் எண்களுக்குப் பொருள் சொல்ல முடியாது என்பதைப் பிற்பாடுதான் நான் அறிந்துகொண்டேன். வெறும் வயிறு என்பது சர்க்கரைக்குத்தான் முக்கியம். தைராய்டுக்கு அது கட்டாயம் இல்லை. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். பின்னிரவிலும் அதிகாலையிலும் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுப்பதுதான் பயன் தரும்.

அன்று இரவு 8 மணிக்குள் வாட்ஸ்அப்பில் அறிக்கை வந்துவிட்டது. பதினொரு பக்கங்கள், முழுக்க ஆங்கிலம். முதல் பக்கத்திலேயே, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். 38.2 என்றும், அதன் பக்கத்தில் அளவு கூடுதல் என்பதற்கான சிவப்புக் குறியும் இருந்தன. ஒப்பிட்டிருந்த எல்லை 3.5 முதல் 12.5 வரை. மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு, சுழற்சியின் முதல் பாதியில் இருக்க வேண்டிய அளவு அது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு 25.8 முதல் 134.8 வரை என்பதை அதே பக்கத்தின் அடியில் எறும்பு போன்ற எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். சினைப்பைகள் ஓய்ந்த பிறகு, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அவற்றை வேலை வாங்கப் பார்த்து இந்த ஹார்மோனை மேலும் மேலும் சுரப்பது இயற்கை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் மாதவிலக்கு நின்ற ஒருத்திக்கு அது உயர்ந்திருப்பதைச் சிவப்பு மையில் காட்டினால், படிப்பவர் நோய் என்றுதான் எடுத்துக்கொள்வார். அன்று இரவு முழுதும் நான் உறங்கவில்லை.

மறுநாள் மாலை கோபியில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பெண் மருத்துவரிடம் அறிக்கையைக் கொண்டுபோனேன். எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ரடியால், புரோஜெஸ்டிரோன், புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், ஏ.எம்.எச். என்று போகும் பக்கங்களை அவர் புரட்டிவிட்டு, “டீச்சர், இதெல்லாம் தெரிஞ்சு நாம இப்ப என்னங்க பண்ணப் போறோம்?” என்று கேட்டார். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று பொருள். 45 வயதைக் கடந்த பெண்ணிடம் அதை உறுதிசெய்ய எஃப்.எஸ்.எச். பார்க்கத் தேவையில்லை என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஏ.எம்.எச். என்பது சினைப்பையில் எஞ்சியிருக்கும் கருமுட்டைகளை மதிப்பிட, குழந்தைக்காகச் சிகிச்சை பெறும் இளம் பெண்களுக்குப் பார்ப்பது. 54 வயதில் எனக்கு அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள். எஸ்ட்ரடியாலும் அப்படியே: இந்த வயதில் அது மிகக் குறைவாக இருக்கும், அந்தக் குறைந்த அளவைச் சாதாரண கருவிகளால் துல்லியமாகப் பிடிக்கவும் முடியாது. இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார்: ஓராண்டு நின்றுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தப்போக்கு கண்டாலும், ஹார்மோன் அறிக்கை என்ன சொன்னாலும், உடனே வந்து ஸ்கேன் பார்த்துவிட வேண்டும்.

நங்கையின் நிலை வேறு. 47 வயதான அவருக்கு 42 வயதில் கட்டி காரணமாகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், சினைப்பைகள் இரண்டையும் விட்டுவைத்தார்கள். மாதவிலக்கே வராத நிலையில், சினைப்பைகள் ஓய்ந்தனவா இல்லையா என்பதை நாள் எண்ணித் தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. அவருக்கு வந்த 71 என்ற எஃப்.எஸ்.எச். எண்ணுக்கு அதனால் ஒரு பயன் இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் கர்ப்பப்பை எடுத்துக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு கட்டம் படிவத்தில் இல்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

தைராய்டுப் பக்கத்தில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. என் டி.எஸ்.எச். 0.31, குறைவு என்று சிவப்பில் இருந்தது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனைக் காட்டும் ஃப்ரீ டி4 1.98; கூடுதல் என்று அதுவும் சிவப்பில் இருந்தது. தைராய்டு கூடினால் டி.எஸ்.எச். இறங்கும், குறைந்தால் ஏறும். அறிக்கை வந்த மறுநாள் காலையே நிறுவனத்தின் ‘ஆரோக்கிய ஆலோசகர்’ தொலைபேசியில் அழைத்து, எனக்குத் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்றும், 20 சதவீதத் தள்ளுபடியில் அடுத்த தொகுப்பை உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். நான் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மருத்துவர் அதைத்தான் கேட்டார். “தைராய்டு கூடினா எடை குறையோணும், வயிறு இளகோணும். உங்களுக்கு எடை ஏறியிருக்குது, மலச்சிக்கல் வேற. முடிக்கு ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?” சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். முடி உதிர்வுக்கென்று மருந்துக்கடையில் நானாக வாங்கிய பயோட்டின், ஒரு மாத்திரையில் 10,000 மைக்ரோகிராம். பரிசோதனை நாளன்றும் எழுந்தவுடன் தண்ணீரில் போட்டுக்கொண்டேன். வெறும் வயிறு என்றால் சோறும் காபியும்தான் கூடாது என்று எண்ணியிருந்தேன்.

பயோட்டின் ஒரு வைட்டமின். நாளொன்றுக்கு நமக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான். பல ஆய்வகக் கருவிகள், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையை வைத்தே ஹார்மோனை அளக்கின்றன. மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் ரத்தத்தில் நிறைந்திருந்தால், பரிசோதனை மருந்தில் இருக்கும் பயோட்டின் பற்ற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அப்போது டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், டி4 உள்ளதைவிட அதிகமாகவும் தெரியும். தைராய்டு மிகை நோய்க்கு உள்ள அடையாளமும் அச்சாக இதுவே. எல்லாக் கருவிகளும் இப்படி ஏமாறுவதில்லை. ஆனாலும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம். என் எஃப்.எஸ்.எச். எண்ணும் இதனால் குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். அதை மறுபடி பார்க்க வேண்டாம் என்றும் சொன்னார். எத்தனையாக இருந்தாலும் செய்யப்போவது எதுவும் மாறாது.

மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் கழித்து, அதே நிறுவனத்தில் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டை மட்டும் 500 ரூபாய்க்குக் கொடுத்தேன். டி.எஸ்.எச். 6.4, டி4 1.1. மிகை என்று சொல்லப்பட்ட எனக்கு, உள்ளபடி லேசான குறைவின் தொடக்கம். முதல் அறிக்கையை நம்பி யாராவது தைராய்டை அடக்கும் மருந்தைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணினால் இன்னும் பதறுகிறது. டி4 சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் 10-க்குள் உயர்ந்திருந்தால் உடனே மாத்திரை தொடங்குவதில்லை என்று மருத்துவர் விளக்கினார். வயது ஏற ஏற அது சற்று உயரும். சிலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் தானே இறங்கியும் விடும். தேவைக்கு மேல் தைராய்டு மாத்திரை போட்டால் மாதவிலக்கு நின்ற பெண்ணின் எலும்பு மேலும் தேயும், இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம். ஆகவே மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்ப்பது, அப்போது தைராய்டைத் தாக்கும் ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்ப்பது என்று முடிவானது.

நங்கை பல ஆண்டுகளாகத் தைராய்டு குறைவுக்கான தைராக்ஸின் மாத்திரை 75 மைக்ரோகிராம் சாப்பிடுகிறவர். அவருடைய டி.எஸ்.எச். 8.9 என்று வந்தது. ஆலோசகர் அவரிடம் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும் என்றாராம். நங்கை காலையில் தைராய்டு மாத்திரை போட்ட கையோடு காபியும், அதன் பின்னாலேயே எலும்புக்கான கால்சியம் மாத்திரையும் சாப்பிட்டு வந்திருக்கிறார். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் தைராக்ஸினை உடம்பில் சேரவிடாது. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மருத்துவர் அளவைத் தொடவில்லை, கால்சியத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றினார். எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். 3.4-க்கு வந்துவிட்டது.

என்னைக் கேட்டால், இந்த வயதுப் பெண்கள் இத்தொகுப்பை வாங்க வேண்டியதில்லை. அசதியும் முடி உதிர்வும் இருந்தால் டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். மாதவிலக்கு நின்ற பின் கெட்ட கொழுப்பு ஏறும் என்பதாலும், தைராய்டு குறைந்தாலும் அது ஏறும் என்பதாலும் கொழுப்புப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். எலும்பின் வலிமை எந்த ஹார்மோன் எண்ணிலும் தெரியாது. அதற்கு டெக்ஸா ஸ்கேன் தனியே இருக்கிறது.

இக்குறைகளை விரித்துக் கிளைக்குத் தமிழில் கடிதம் எழுதினேன். பொறுப்பாளர் தொலைபேசியில் மரியாதையாகவே பேசினார். படிவம் தலைமை அலுவலகத்தில் தயாராவது என்றும், என் கடிதத்தை அங்கே அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். ஐப்பசியில் நங்கைக்கு மறுபரிசோதனை எடுக்க அதே பெண்தான் வந்தார். படிவத்தில் அதே நான்கு கட்டங்கள். ஆனால் அவர் ஊசியைப் பிரிக்கும் முன், “காத்தால தைராய்டு மாத்திரை போட்டுட்டீங்களாம்மா? முடிக்கு, எலும்புக்கு வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களா?” என்று கேட்டு, நங்கை சொன்னதைப் படிவத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார். என் அடுத்த பரிசோதனை கார்த்திகைக் கடைசியில் வருகிறது. மூன்றே எண்கள்தாம், அவரையே அனுப்பச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறேன்.