சாளைச் சோறா, பாக்கெட் தீனியா? செல்லம் கொடுத்து வளர்த்த நாயின் தட்டில் எதை வைப்பது

கன்னியாகுமரி மாவட்டத்துத் திங்கள்சந்தைக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டில் ஆறு வயதுக் குட்டன் என்றொரு நாய் இருக்கிறான். நாட்டு நாயும் பொமரேனியனும் கலந்த இனம். சென்ற ஆண்டு தடுப்பூசிக்காக அழைத்துச் சென்றபோது கால்நடை மருத்துவர் அவனை எடைமேடையில் நிறுத்தி, 12 கிலோ இருக்க வேண்டியவன் 14 கிலோ இருக்கிறான் என்றார். மனிதரில் 60 கிலோ இருக்க வேண்டிய ஒருவர் 70 கிலோ இருப்பதற்கு இது சமம் என்று அவர் விளக்கிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அன்று இரவே வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. பாக்கெட் தீனியை அளந்து போட்டால் எடை தானாக இறங்கும் என்பது தம்பியின் கட்சி. சாளை (மத்தி) மீனும் சோறும் தின்று வளர்ந்தவனுக்கு உலர்ந்த உருண்டைகளைக் கொடுப்பது பாவம் என்பது அம்மாவின் கட்சி. நான் இரண்டையும் சில மாதங்கள் வீதம் நடத்திப் பார்த்தேன். அதில் கண்டதையும், மருத்துவரிடம் கேட்டும் படித்தும் அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் அளவைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் இரு தரப்பு வாதங்களும் இதன்மேல்தான் நிற்கின்றன. கருத்தடை செய்யப்பட்டு, வீட்டோடு இருக்கும் 12 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 720 கலோரி போதும். உலர் தீனியில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி வரை இருப்பது வழக்கம் என்பதால், நாளொன்றுக்கு 200 கிராம் போட்டால் கணக்கு முடிந்தது. வீட்டுச் சோற்றில் அதே கணக்கைக் கொண்டுவர, குழைய வேகவைத்த சோறு 225 கிராம், வேகவைத்த சாளை 150 கிராம், அரை முட்டை, ஒரு பிடி பூசணி அல்லது பயற்றங்காய் என்று நான்கு பொருள்களை எடைபோட வேண்டியிருக்கிறது. அப்போது 650 கலோரியை நெருங்குகிறோம். மீதியுள்ள 70 கலோரி நொறுக்குத் தீனிக்கு. நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நொறுக்குத் தீனி போகக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. அளவின் எளிமை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால், பாக்கெட் தீனியே வெல்கிறது என்பதைத் தம்பியிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஊட்டத்தின் சமநிலையிலும் நல்ல பாக்கெட் தீனிக்கே முன்னிலை. நாயின் உணவில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டுக்கு ஒன்று வரையிலான விகிதத்தில் இருக்க வேண்டும். எலும்பு நீக்கிய கோழிக்கறியில் பாஸ்பரஸ் ஏராளமாகவும் சுண்ணாம்புச் சத்து மிகச் சொற்பமாகவும் இருப்பதால், கறியும் சோறும் மட்டுமே ஆண்டுக்கணக்கில் தின்னும் நாயின் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். வளரும் குட்டிகளுக்கு இது மிக விரைவில் கேடு செய்யும். ஆகவே ஒரு வயது நிறையாத குட்டியை வைத்திருப்பவர்களுக்கு என் பதிலில் தயக்கமே இல்லை: குட்டிகளுக்கென்று தயாரித்த பாக்கெட் தீனியையே முதன்மை உணவாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறோ கணைய அழற்சியோ உள்ள நாய்க்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பதே உணவு; அங்கே நம் விருப்பத்துக்கு இடமில்லை.

வளர்ந்த, நோயற்ற நாயைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அதுவும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு, வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் கடியபட்டணத்திலும் கரையேறும் சாளை அன்றைக்கே எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது. சாளையின் பெருமை அதன் சதையோடு முடிந்துவிடுவதில்லை. தலையும் குடலும் நீக்கிக் கழுவிய சாளையைச் சிறிது தண்ணீர் விட்டு பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்தால், நடுமுள் விரலால் நசுக்கினாலே மாவாகும் அளவுக்கு மென்மையாகிவிடும். அந்த முள்ளோடு சேர்த்துப் பிசைந்து கொடுக்கும்போது, கோழிச் சோற்றில் இல்லாத சுண்ணாம்புச் சத்து நாய்க்குப் பெருமளவு கிடைக்கிறது. மீதிக் குறைக்கு, வேகவைத்து உலர்த்திப் பொடித்த முட்டை ஓட்டில் கால் தேக்கரண்டி சேர்க்கிறேன். துத்தநாகம், வைட்டமின் ஈ போன்றவை வீட்டுச் சோற்றில் குறையக்கூடும் என்பதால், மருத்துவர் சொன்ன சத்துப் பொடி ஒன்றும் அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம்பிடித்துவிட்டது. ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்த முள் விஷயம் குக்கரில் நன்கு வெந்த சாளைக்கும் நெத்தோலிக்கும் மட்டுமே பொருந்தும். அயலை, சூரை போன்ற பெரிய மீன்களின் முள்ளை நீக்கிவிட வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் குத்தும் என்பதால் அதை எந்தக் காலத்திலும் கொடுக்கக் கூடாது. பச்சை மீனையும் தவிர்ப்பது நல்லது. சாளை போன்ற மீன்களில் தயமின் என்னும் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு, வேகவைத்தால்தான் அது அழியும்.

“நாய் மாமிசம் தின்னும் பிராணி, அதற்கு எதற்குச் சோறு?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளே இருக்க, நாய்களிடம் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதை அவர்கள் கண்டார்கள். மனிதர் உழுது விளைவித்ததைப் பங்கிட்டுத் தின்று வந்த உயிர் அது. எங்கள் வீட்டுச் சம்பா அரிசிச் சோறும் அவனுக்குச் செரிக்கிறது, தோலுரித்து வேகவைத்துத் தண்ணீரை வடித்த மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கும் சிறிதளவு செரிக்கிறது. மரச்சீனியைப் பச்சையாகக் கொடுப்பது ஆபத்து. கிழங்கிலும் இலையிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் இருப்பதால், உரித்த தோலைக் கொல்லையில் நாய்க்கு எட்டும்படி போடக் கூடாது.

வீட்டுச் சோற்றின் உண்மையான ஆபத்து சட்டியில் இருக்கிறது. நாய்க்கு வீட்டுச் சோறு கொடுக்கிறோம் என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் கொடுப்பது வீட்டாரின் மிச்சத்தை. தேங்காய் அரைத்த மீன் கறியிலும் புளிமுளம் என்னும் மீன் குழம்பிலும் உப்பும் மிளகும் மட்டுமா இருக்கின்றன? எங்கள் பக்கத்தில் உள்ளி என்று சொல்லும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும் அந்தத் தன்மை போவதில்லை. ஓணத்துக்குச் செய்யும் பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. கருவாட்டின் உப்பும், பொரித்த மீனின் எண்ணெயும் அதன் உடம்புக்கு ஆகாதவை. எனவே குட்டனின் பங்கை உப்பு போடுவதற்கு முன்பே தனியாக எடுத்து வேகவைப்பது என்ற ஒரே விதியை வைத்தோம். இந்த விதியைக் காக்க முடியாத வீடுகளுக்குப் பாக்கெட் தீனியே பாதுகாப்பானது என்பதை, வீட்டுச் சோற்றின் பக்கம் நிற்கும் நானே சொல்கிறேன்.

இனி மழையைப் பற்றி. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நனைக்கும் மாவட்டம் நம்முடையது. ஆனிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் அரிசி மூட்டையே ஈரம் கோர்க்கும் வீட்டில், திறந்த தீனிப் பை என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. விலை மலிவு என்று 10 கிலோ பையை வாங்கினால், நாளுக்கு 200 கிராம் வீதம் தீர 50 நாள் ஆகிறது. அதற்குள் அதன் கொழுப்பு காற்றுப் பட்டுக் காறல் வாசம் பிடிக்கிறது; ஈரம் புகுந்தால் பூஞ்சையும் வரும், பூஞ்சையில் உண்டாகும் நச்சு ஈரலைத் தாக்கும். ஒருமுறை எங்கள் பையின் அடியில் எறும்புகள் புற்றே கட்டிவிட்டன. இந்த ஊர் ஈரத்துக்கு 3 கிலோ பையே ஏற்றது. பையைப் பிரித்துக் கொட்டாமல், அப்படியே இறுக்கமாக மூடும் தகர டப்பாவுக்குள் இறக்கி வைத்தால் 15 நாளும் நன்றாக இருக்கிறது. சிறிய பையின் விலைக் கூடுதலையும் சேர்த்துப் பார்த்தால், மீன் மலிவாகக் கிடைக்கும் மாதங்களில் சாளைச் சோற்றின் செலவு பாக்கெட்டைவிடக் குறைவாகவே வருகிறது.

மீனுக்கும் தன் கஷ்டகாலம் உண்டு. விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடை சின்னமுட்டம் இருக்கும் கிழக்குக் கடற்கரைப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் இருக்கும் மேற்குக் கடற்கரைப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் நடக்கிறது. வள்ளங்கள் என்னும் சிறு நாட்டுப் படகுகள் கடலுக்குப் போனாலும், அந்த மாதங்களில் அலையும் காற்றும் கடுமை. வருகிற மீனுக்கு வீட்டு மனிதர்களே விலை கேட்டுத் திகைக்கிறார்கள். அப்போது எலும்பு நீக்கிய கோழிக்கறியும் முட்டையும் சாளையின் இடத்துக்கு வருகின்றன. முட்டை ஓட்டுப் பொடி கால் தேக்கரண்டியிலிருந்து அரைத் தேக்கரண்டியாகிறது. கல்யாணத்துக்கோ மருத்துவமனைக்கோ எல்லோரும் போக வேண்டியிருக்கும் நாள்களில் பாக்கெட் தீனிதான் கைகொடுக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து, “இதை ஒருமுறை நிறைத்துப் போடு மக்களே” என்று சொல்லிவிட்டுப் போகலாம்; சாளையை வேகவைத்து முள் பார்த்துப் போடு என்று யாரிடம் சொல்ல முடியும்?

பல் சுத்தத்துக்கு உலர் தீனி நல்லது என்ற பேச்சில் பெரிய பலம் இல்லை. சாதாரண உருண்டைகள் பல் துலக்கும் வேலையைச் செய்வதில்லை, தூரிகையால் தேய்ப்பதுதான் செய்யும். தண்ணீர் விஷயம் அதைவிட முக்கியம். உலர் தீனியில் ஈரம் பத்தில் ஒரு பங்கு அளவே என்பதால், அதைத் தின்னும் நாய்க்குச் சித்திரை வெயிலில் தண்ணீர்க் கிண்ணம் காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எடைபோட்டும் விலைபோட்டும் பார்க்க முடியாத ஒன்றையும் நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கிறேன். மாலையில் மீன்காரரின் ஸ்கூட்டர் ஒலி தெருமுனையில் கேட்டவுடன் குட்டன் வாசல் கேட்டருகே போய் உட்கார்ந்துவிடுவான். அம்மா மீனை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போகும்போது அவனும் பின்னாலேயே போவான். அம்மா குந்தி உட்கார்ந்து செதிள் உரசி முடிக்கும் வரை, காகங்களை அண்டவிடாமல் காவல் இருப்பதைத் தன் வேலை என்றே எண்ணிக்கொண்டிருக்கிறான். குக்கர் விசில் அடித்தால் வால் ஆடும். நாங்கள் எல்லோரும் வெளியே போய்விட, பகல் முழுவதும் தனியே இருக்கும் அம்மாவுக்கு நாளின் நல்ல பொழுது அதுதான். பாக்கெட் தீனி மட்டும் போட்ட மாதங்களில் அவன் கேட்டருகே போவதை நிறுத்தவில்லை, ஆனால் கொல்லையிலிருந்து வெறும் வாயோடு திரும்பி வந்து படுத்துக்கொண்டான். அம்மாவும் அந்த நாள்களில் மீன் அரிவதைச் சீக்கிரம் முடித்துவிடுவார். அதைப் பார்த்த பிறகு, வளர்ந்த நாய்க்குச் சாளைச் சோறே முதன்மை உணவு என்ற முடிவுக்கு வர எனக்கு வேறு வாதம் தேவைப்படவில்லை.

அப்படியானால் எடை ஏன் ஏறியது என்ற கேள்விக்கு விடை சோற்றிலும் இல்லை, பாக்கெட்டிலும் இல்லை. எங்கள் மூன்று பேரின் கையிலும் இருந்தது. அப்பா காலைத் தேநீரோடு கொடுக்கும் பிஸ்கட் ஒவ்வொன்றிலும் 20 கலோரிக்கு மேல். அவர் நான்கு கொடுப்பார். அம்மா யாருக்கும் தெரியாமல் உரித்துக் கொடுக்கும் மட்டி வாழைப்பழம் ஒன்றுக்கு 45 கலோரி அளவு. தம்பி இரவில் கொடுக்கும் ஏத்தங்காய் வற்றலை (நேந்திரங்காய் சிப்ஸை) நாங்கள் யாரும் எண்ணவே இல்லை. செல்லம் கொடுப்பதை நிறுத்தச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால், அளவை மட்டும் மாற்றினோம். பாக்கெட் தீனியிலிருந்து 10 கிராம், நான்காக நறுக்கிய மட்டிப் பழத்தில் இரண்டு துண்டு, சீவிய கேரட் சிறிது ஆகியவற்றைக் காலையில் ஒரு சிறு டப்பாவில் போட்டு அடுக்களைத் தட்டில் வைக்கிறேன். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். தீர்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

உணவை மாற்ற நினைப்பவர்கள், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும், ஒரு வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய உணவில் புதியதைக் கால் பங்காகக் கலந்து தொடங்கி, அரை, முக்கால் என்று கூட்டினால் வயிற்றுப்போக்கு வராது. அடம்பிடிக்கும் நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டால், தட்டை 20 நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடலாம். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த நாய் ஒரு வேளை தின்னாததால் கேடு வராது. இரண்டு நாள் தொடர்ந்து தின்னாவிட்டால் அது அடமாக இருக்காது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இந்த 20 நிமிடம்தான் மிகக் கடினமாக இருந்தது. “பாவம் பிள்ளே, பசியோட கிடக்கான்” என்று அம்மா இரண்டு இரவுகள் கண்கலங்கினார்.

இப்போது குட்டனின் எடை 12 கிலோ 400 கிராம். டப்பா பெரும்பாலும் மாலைச் செய்திக்கு முன்பே காலியாகிவிடுகிறது. அதன் பிறகு அவன் அப்பாவின் நாற்காலி அருகே வந்து தலையை வைக்கும்போது, அப்பா டப்பாவைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று அவனுக்குக் காட்டிவிட்டு, காதைத் தடவிக் கொடுக்கிறார்.