எபாக்சியா, பீக்கா: கார்பன் இழைக் கலப்புப்பொருளில் எது நன்றாக வயதாகும்?

எபாக்சியும் பீக்கும் (PEEK) கார்பன் இழைகளைப் பிடித்துவைக்கும் பிசின்கள்: எபாக்சி இறுகியபின் உருகாது, பீக் உருகக்கூடிய பிளாஸ்டிக். இங்கே வயதாவது இழை இல்லை, பிசின். இளகிய பிசின் கண்ணாடிபோல் விறைக்கும் வெப்பநிலைக்கு, அதாவது கண்ணாடிநிலை வெப்பநிலைக்குக் கீழே குளிரும்போது மூலக்கூறுச் சங்கிலிகள் சமநிலையை எட்டாமலே உறைந்துவிடுகின்றன. அப்புறம் ஆண்டுக்கணக்கில் அந்தச் சமநிலையை மெல்ல நெருங்குகின்றன. வேதிமாற்றம் கிடையாது. ஆனால் விறைப்பு கூடும், சுமையில் மெல்ல நீளும் தவழ்வு குறையும், நொறுங்கும் தன்மை ஏறும்.

இழைத் திசையில் இழுத்தால் இரண்டிலும் வித்தியாசம் அதிகம் தெரியாது. குறுக்கிலும் சறுக்கு விசையிலும்தான் பிசினின் வயது வெளிப்படும்.

எபாக்சி முழுக்கக் கண்ணாடிநிலை, அதாவது சங்கிலிகள் படிகமாக ஒழுங்குபடாத நிலை. அதனால் மொத்தப் பிசினும் வயதாகும். சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பால் இயல்பிலேயே நொறுங்கக்கூடியது என்பதால் இழப்பு உறைக்கும். பீக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு படிகம். அது இப்படி வயதாவதில்லை. மீதிதான் மாறும், அதுவும் பீக்கின் கண்ணாடிநிலை வெப்பநிலையான 143 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகமாக. தாக்குப்பிடிக்கும் குணமும் பீக்குக்கே அதிகம்.

கண்ணாடிநிலை வெப்பநிலையைத் தாண்டிச் சூடாக்கினால் இந்த முதுமை அழியும். பீக் உருகுவது 343 டிகிரியில்தான், ஆகவே இடைவெளி தாராளம். எபாக்சியில் அவ்வளவு சூடு ஆக்சிஜனேற்றத்தைக் கொண்டுவரலாம்.

விலையும் வார்ப்பு வசதியும் எபாக்சி பக்கம். இருந்தாலும் வெப்பத்தில் பல ஆண்டு சுமை தாங்கும் பாகம் என்றால் என் தேர்வு பீக்.